முன்பாரமும் ஆகாது, பின்பாரமும் ஆகாது: டிரெய்லர் வீட்டைச் சமமாக இழுக்க 27 குறிப்புகள்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் எதை மறந்தாலும் பாரம் பார்க்க மறக்கமாட்டார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு இறுகும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் டிரக்குக்குப் பின்னால் ஓடும் டிரெய்லர் வீட்டுக்கும் கணக்கு இதுதான்.

டிரக்கை மாற்றும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. பழைய எஸ்யூவிக்குப் பின்னால் சமமாக நின்ற டிரெய்லர், ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற உயரமான வண்டி வந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின் பம்பர் தரையைத் தொடப் பார்க்கும். இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. சில மலிவானவை, சில செலவு வைப்பவை. எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

அளவெடுக்கும்போது

1. டேப்பை எடுக்கும் முன் டிரக், டிரெய்லர் இரண்டின் டயர்களிலும் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். காற்று குறைந்த டயரை வைத்து எடுத்த அளவு, கடைசிவரை தப்புக் கணக்காகவே வரும்.

2. பயணத்துக்குப் போகும்போது எப்படி இருக்குமோ அப்படியே டிரெய்லர் இருக்கட்டும். கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, அரிசி பருப்பு டப்பாக்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். காலி வண்டியை அளந்து வாங்கிய ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் பாகம்), பாரம் ஏறியதும் பொருந்தாமல் போகும்.

3. வீட்டு முன்வாசல் டிரைவேயில் அளக்காதீர்கள். மழைநீர் வடிய அதில் சாய்வு வைத்திருப்பார்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் பெரிய கடையின் வாகன நிறுத்தத்துக்குப் போய், சமமான இடமாகத் தேடுங்கள். தரைமேல் நீளமான பலகை ஒன்றை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் தரையின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

4. டிரக்கிலிருந்து கழற்றிய டிரெய்லரை முன் ஜாக்கியால் ஏற்றி இறக்கிச் சமமாக்குங்கள். சமம் என்பதைக் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம். பக்கச் சுவரில் ஓடும் வண்ணப் பட்டை அழகுக்காகச் சாய்த்து ஒட்டியதாக இருக்கலாம். அடியிலிருக்கும் இரும்புச் சேஸிஸின் முன்முனையிலிருந்து தரைக்கும், பின்முனையிலிருந்து தரைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சமம்.

5. இப்போது இரண்டு அளவு தேவை. டிரக்கின் பின்னால் ஹிட்ச் செருகும் சதுரக் குழாயின் உள்மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஒன்று. சமமாக நிற்கும் டிரெய்லரின் முன்முனையில் ஹிட்ச்சோடு பூட்டும் கப்ளரின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது மற்றொன்று. முதலாவது 24 அங்குலம், இரண்டாவது 18 அங்குலம் என்றால் ஹிட்ச் 6 அங்குலம் கீழே இறங்கியாக வேண்டும். வாங்க வேண்டிய ஹிட்ச்சின் இறக்கம் இந்தக் கழித்தலில் கிடைத்துவிடும்.

6. கழித்து வந்த விடையில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. டிரெய்லரை மாட்டியதும் டிரக்கின் பின்பகுதி கொஞ்சம் அமுங்கும். கனத்த ஸ்பிரிங் உள்ள டிரக் குறைவாகவும், மெத்தென்ற ஸ்பிரிங் உள்ளது கூடுதலாகவும் அமுங்கும். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டிரக்கின் பின்சக்கர வளைவின் உயரத்தை அளந்து, அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப, கப்ளர் உட்காரும் ஹிட்ச் குண்டைச் சற்று மேலே வையுங்கள்.

7. நூலிழை பிசகாத சமம் கிடைக்காவிட்டால் மூக்கு அரை அங்குலம், மிஞ்சினால் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கலாம். உயர்ந்திருக்கக் கூடாது. மூக்கு தூக்கிய டிரெய்லரில் பாரம் பின்னால் நழுவி, குண்டின்மேல் இறங்கும் எடை குறையும். வால் ஆடத் தொடங்குவது அப்போதுதான்.

8. இரட்டை ஆக்சில் டிரெய்லருக்கு இன்னொரு கேடும் உண்டு. மூக்கு தூக்கினால் பின் ஆக்சிலும் அதன் டயர்களும் தங்கள் பங்கைவிடக் கூடுதலாகச் சுமக்கும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே இருக்கும் ஈக்வலைசர் ஓரளவு பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும். ரப்பர் டார்ஷன் ஆக்சில் வண்டியில் அந்தப் பங்கீடு கிடையாது. அந்த வகை வைத்திருப்பவர்கள் சமமட்டத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

9. சமமாக்குவதும் சரியாகப் பாரம் ஏற்றுவதும் வேறு வேறு வேலைகள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குண்டின்மேல் இறங்க வேண்டும். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு இது 700 முதல் 1,050 பவுண்டு. சைக்கிள்களையும் ஜெனரேட்டரையும் பின் பம்பரில் கட்டிவிட்டு, ‘மட்டமாகத்தானே நிற்கிறது, ஏன் ஆடுகிறது?’ என்று கேட்டால் பயனில்லை.

முதலில் டிரக் பக்கம்

10. டிரெய்லரை உயர்த்தும் யோசனைக்குப் போகும் முன் குண்டைத் தாழ்த்தப் பாருங்கள். குண்டைத் தாங்கும் ஷாங்க் எனப்படும் எல் வடிவத் தண்டுகளில் பல, உயரத்தை மாற்றத் துளைகளோடு வருகின்றன. சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் செருகலாம்; உயர்த்தும் தண்டே இறக்கும் தண்டாகிவிடும். பழைய எஸ்யூவிக்காக மேல்நோக்கி மாட்டிய ஷாங்க்கைத் திருப்பிப் போட்டதிலேயே வேலை முடிந்த வீடுகள் உண்டு. செலவு ஒரு ஸ்பேனர் பிடிக்கும் நேரம்தான்.

11. ஆழமாக இறங்கும் ஷாங்க்குக்கு இரண்டு குறைகள். தரைக்கும் அதற்கும் இடைவெளி குறைவதால், பெட்ரோல் பங்க் வாசல் மேட்டில் அது உரசும். தண்டு நீள நீள நெம்புகோல்போல வேலை செய்து, செருகியிருக்கும் குழாயை முறுக்கும். அதனால் ஆழமான ஷாங்க்கின் தாங்கும் எடை குறைவாக இருக்கக்கூடும். வாங்கும் முன் அதில் பொறித்திருக்கும் எடையைப் படியுங்கள்.

12. டிரக், சதுரக் குழாய், ஷாங்க், குண்டு, கப்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. சங்கிலியின் பலம் அதன் நைந்த கண்ணியில்.

13. கனரக டிரக்குகளில் சதுரக் குழாய் பெரும்பாலும் 2.5 அங்குலம், சிலவற்றில் 3 அங்குலம். உங்களிடமுள்ள 2 அங்குலத் தண்டைச் செருக இடையில் உறை போடலாம். ஆனால் கடகடவென்று ஆடும். குழாய்க்கு நேர் பொருத்தமான தண்டே நல்லது.

14. டிரக்கோடு வந்ததே என்று குண்டையும் அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள். பெரிய டிரெய்லர் வீடுகளுக்குப் பெரும்பாலும் 2 5/16 அங்குலக் குண்டு வேண்டும். அந்தக் கப்ளரை 2 அங்குலக் குண்டின்மேல் வைத்தால் பூட்டியதுபோலவே தோன்றும். முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். கப்ளரின் மேலேயே அளவு பொறித்திருக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

குண்டைத் தாழ்த்தியும் போதாவிட்டால்

15. டிரெய்லருக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லாரிகளில் அடுக்கடுக்காக வளைந்த பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே பட்டை ஸ்பிரிங்தான். அது ஆக்சிலுக்குக் கீழே தொங்கினால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. ஏற்கெனவே மேலே இருந்தால் குறிப்பு 18-க்குப் போய்விடலாம். ஆக்சில் குழாயின் நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செய்த நிறுவனம், தாங்கும் எடை, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். உதிரிப் பாகம் கேட்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

16. கீழே இருக்கும் ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே கொண்டுவருவதுதான் அதிக உயரம் தரும் வழி. ஆக்சில் குழாயின் தடிமனும் ஸ்பிரிங் கட்டின் தடிமனும் சேர்ந்து வண்டி உயர்வதால், 3 அங்குலக் குழாயுள்ள ஆக்சிலில் ஏறத்தாழ 5 அங்குலம் கிடைக்கும். இதற்கென்றே ஸ்பிரிங் இருக்கைகளும் நீள யூ போல்ட்டுகளும் சேர்ந்த தொகுப்பு விற்கிறது. டெக்ஸ்டர் போன்ற ஆக்சில் நிறுவனங்களே அதைத் தயாரிக்கின்றன. புது இருக்கைகளைக் குழாயின் மேற்புறத்தில் வெல்டிங் செய்து, ஸ்பிரிங்கை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். 5 அங்குலம் உங்களுக்கு அதிகமென்றால் கவலை வேண்டாம். ஷாங்க்கை மேலே ஏற்றி மிச்சத்தைச் சரிக்கட்டிவிடலாம்.

17. இந்த வேலையைப் பலர் ‘ஆக்சிலைப் புரட்டுவது’ என்கிறார்கள். பேச்சு வழக்கை நம்பி நிஜமாகவே ஆக்சிலைத் தலைகீழாகப் புரட்டிவிடாதீர்கள். நேராகத் தெரியும் அந்தக் குழாய் நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். பாரம் ஏறும்போது அந்த வளைவு அமுங்கிச் சக்கரங்கள் நேராக நிற்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். புரட்டினால் வளைவு கீழ்நோக்கி, சக்கரங்களின் தலைகள் உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். பிரேக்குகளும் தலைகீழாகிவிடும். இடம் மாற வேண்டியது ஸ்பிரிங் மட்டும்தான்.

18. ஸ்பிரிங் மேலே இருக்கும் வண்டிக்கும், 2, 3 அங்குலம் உயர்ந்தால் போதும் என்பவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. சேஸிஸுக்கும் ஸ்பிரிங் தொங்கும் ஹாங்கருக்கும் நடுவில் சதுர இரும்புக் குழாயை நீளவாக்கில் வைத்து வெல்டிங் செய்வார்கள். அப்போது ஹாங்கர்கள் நீண்ட கால்கள்போல ஆகிவிடுகின்றன. இடத்திலேயே வண்டியை ஒடித்துத் திருப்பும்போது பக்கவாட்டு விசை முழுவதும் அந்தக் கால்களில்தான் விழும். இடது வலது ஹாங்கர்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்காமல் இந்த வேலையை முடிக்க விடாதீர்கள்.

19. ஏர்ஸ்ட்ரீம் போன்ற வண்டிகளில் பட்டை ஸ்பிரிங்கே இருக்காது. ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் அங்கே ஸ்பிரிங். இந்த டார்ஷன் வகைக்கு ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே போல்ட் போட்டு முடுக்கும் உயர்த்துக் கட்டைகள் கிடைக்கின்றன. குழாயில் வெல்டிங் கூடவே கூடாது. சூட்டில் உள்ளேயிருக்கும் ரப்பர் கெட்டுவிடும். பல ஆண்டுகள் ஓடிய வண்டி தாழ்ந்துபோயிருந்தால் ரப்பரே தளர்ந்திருக்கலாம். அதற்குக் கட்டை வைப்பது மருந்தல்ல, ஆக்சிலை மாற்ற வேண்டும்.

20. பெரிய டயர் போட்டு உயர்த்தலாமே என்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். எஸ்டி 205/75ஆர்14 டயரின் குறுக்களவு சுமார் 26.1 அங்குலம், எஸ்டி 225/75ஆர்15 டயருடையது 28.3. வித்தியாசம் 2.2 அங்குலமானாலும் வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இதற்காகச் சக்கரத்தின் இரும்பு ரிம்மையும் மாற்ற வேண்டும். சக்கர மாடத்தின் கூரையிலோ பக்கத்து டயரிலோ உரசாத இடைவெளியும் வேண்டும்.

21. வெல்டிங் வேலையை டிரெய்லர் ஆக்சில் வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள். சூடு ஒரே பக்கம் ஏறினால் ஆக்சில் குழாய் வளைந்துவிடும். பழைய யூ போல்ட்டுகளை மறுபடி மாட்டச் சம்மதிக்காதீர்கள். ஒரு முறை முடுக்கியவை நீண்டிருக்கும், புதியவைதான் போட வேண்டும். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் கைவைக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

22. டயர் கழற்றவோ அளக்கவோ நீங்களே தூக்குவதானால் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, ஜாக்கியைச் சேஸிஸில் கொடுங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் கொடுத்தால் அது வளையும். மூலைகளில் இருக்கும் நிலைக்கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. வண்டியைத் தூக்க அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

உயர்த்திய பிறகு

23. உயரம் மாறினால் கூடவே பலதும் மாறும். ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஒயர் இழுபடுகிறதா, பாதுகாப்புச் சங்கிலி தரையில் இழைகிறதா, டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் கம்பிக்கு நீளம் போதுமா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் இருந்தால் அதன் பிடிமானத்தை மாற்ற வேண்டிவரும். வாசற்படியும் 5 அங்குலம் உயர்ந்திருக்கும். நமக்கு அது பெரிதாகத் தெரியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவின் முழங்காலுக்குத் தெரியும். தனியாக ஒரு படி வாங்கி வாசலில் போடுங்கள். நிலைக்கால்களுக்கு அடியிலும் முன் ஜாக்கிக்கு அடியிலும் வைக்கக் கட்டைகள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

24. குண்டின்மேல் இறங்கும் பாரத்தை ஸ்பிரிங் கம்பிகளால் முன்சக்கரங்களுக்கும் பகிரும் எடைபங்கீட்டு ஹிட்ச் வைத்திருந்தால் பழைய அமைப்பு இனி செல்லாது. முதலிலிருந்து அமைக்க வேண்டும். டிரக்கின் முன்சக்கர வளைவை மூன்று முறை அளந்துகொள்ளுங்கள். டிரெய்லர் இல்லாமல் 38 அங்குலம், மாட்டியதும் 39 என்று வந்தால், ஸ்பிரிங் கம்பிகளைப் பூட்டிய பிறகு அது 38.5-க்காவது இறங்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உங்கள் டிரக்கின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிமானம் இழக்கும்.

25. கடைசித் தீர்ப்பை எடைமேடையிடம் விடுங்கள். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகள் டிரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லரின் ஆக்சில்கள் என்று மூன்றையும் தனித்தனியே எடைபோட்டுச் சீட்டுத் தரும். டிரக் தனியாக 7,200 பவுண்டு. எடைபங்கீட்டுக் கம்பிகளைப் பூட்டாமல் டிரெய்லரோடு சேர்த்து நிறுத்தும்போது டிரக்கின் இரண்டு ஆக்சிலும் சேர்ந்து 8,000, டிரெய்லர் ஆக்சில்கள் 6,000 என்று வைத்துக்கொள்வோம். குண்டின்மேல் இறங்குவது 800 பவுண்டு. டிரெய்லரின் மொத்த எடை 6,800. ஏறத்தாழ 12 சதவீதம், சரியான முன்பாரம். ஒன்றை மறக்காதீர்கள்: வண்டியை உயர்த்தியதால் அது சுமக்கக்கூடிய எடை ஒரு பவுண்டுகூட உயரவில்லை. டிரெய்லரின் இடது முன்புறம் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள வரம்பே இன்றும் வரம்பு.

26. கூரைமேல் இருக்கும் ஏசியின் உச்சியிலிருந்து தரைவரை மறுபடி அளந்து, அடி அங்குலமாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கிரெக்சன் தெருவுக்கு மேலே செல்லும் ரயில் பாலம், 11 அடி 8 அங்குல உயரத்தோடு எத்தனையோ வண்டிகளின் கூரையைச் சுருட்டியிருக்கிறது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. நியூயார்க்கின் பழைய பார்க்வே சாலைகளில் கல்பாலங்கள் அதைவிடத் தாழ்வாகவும் உண்டு; அவற்றில் டிரெய்லருக்கு அனுமதியும் இல்லை. சாதாரண கார்களுக்கான வழிகாட்டிச் செயலி உங்கள் உயரத்தை அறியாது.

27. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும் இருக்கட்டும். சக்கரம் கழற்றியிருந்தால் நட்டுகளை 10, 25, 50 மைல்களில் டார்க் ஸ்பேனரால் மறுபடி முடுக்குங்கள். பாரம் உயரத்துக்குப் போய்விட்டதால் வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். பெரிய லாரி கடக்கும்போது வால் ஆடினால் டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கைப்பிடியால் இதமாகக் கொடுங்கள். வண்டி தானாக நேராகும்.

இருபத்தேழையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அடுத்த பயணத்துக்கு முன் டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு முதல் ஐந்து குறிப்புகளை மட்டும் செய்துபாருங்கள். உங்களுக்குத் தேவை பட்டறையா, ஷாங்க்கைத் திருப்ப ஒரு ஸ்பேனரா என்று அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.